மே 2: நம் ஞாபகத்துக்கு எட்டாத நாள்

மே மாதம் 2-ஆம் தேதி என்றதும் நம் மண்டி வியாபாரிகளுக்கு நினைவுக்கு வருவது சரக்கு வரத்துதான். முதல் நாள் மே தினம். சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கு விடுமுறை. மே 5 வணிகர் தினம். கடைக்கு விடுமுறை விட்டு மாநாட்டுக்குப் புறப்பட்டு விடுவோம். இடையில் கிடைப்பது மூன்றே நாள். ஏப்ரல் 30 இரவு வந்து தெருமுனையில் நிற்கும் லாரி, கல்யாண வீடுகளுக்குப் போக வேண்டிய சாமான், கடையடைப்புக்கு முன் சில்லறைக் கடைக்காரர்கள் எடுத்துச் செல்ல வேண்டிய பருப்பு, புளி, வத்தல் எல்லாம் 2-ஆம் தேதி காலையில் ஒன்றாக வந்து கூடும். கிட்டங்கி நிரம்பி, மிச்ச மூட்டைகள் நடைபாதைக்கு வரும். அவற்றின் மேல் தார்ப்பாய் போடுகிறோமா என்றால் இல்லை. "சித்திரை வெயிலில் யாராவது தார்ப்பாய் போடுவானா?" என்று சிரிப்போம்.

நானும் அப்படிச் சிரித்தவன்தான். சென்னையின் பழைய வானிலைக் குறிப்புகளைப் படித்த பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டேன். அந்தக் குறிப்புகளில் மே 2 என்ற இந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் வணிகப் பெருமக்களோடு பேச விரும்புகிறேன்.

ஏட்டில் உள்ள மே 2

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். சித்திரையும் வைகாசியும் இளவேனில். அந்தக் கணக்கில் மே 2 வசந்த காலத்து நாள். சென்னைவாசிக்கு அதில் இளமை எதுவும் தெரியாது என்பது வேறு விஷயம். இரண்டு நாள் போனால் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். இந்த நாட்களில் நகரின் பகல் வெப்பம் சாதாரணமாக 36, 37 டிகிரியை ஒட்டி இருக்கும். மழை அநேகமாக இராது. நாம் அறிந்த மே 2 இதுதான்.

ஏடு அறிந்த மே 2 வேறு. 1811-ஆம் ஆண்டு மே 2 அன்று சென்னையைப் புயல் தாக்கியது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கோட்டைக்கும் கறுப்பர் நகரத்துக்கும் எதிரே திறந்த கடலில் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கி வரும். அன்றைய புயலில் டோவர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும், சிசெஸ்டர் என்ற கடற்படைச் சரக்குக் கப்பலும் சென்னைக் கரையில் மோதி அழிந்தன.

61 ஆண்டுகள் கழித்து, 1872-ஆம் ஆண்டு, அதே மே 2 அன்று மீண்டும் ஒரு புயல் சென்னையைத் தாக்கியது. அப்போதும் துறைமுகம் இல்லை. பெரிய கப்பல்களும் நாட்டுக் கப்பல்களுமாகப் பல கரையில் வீசப்பட்டன.

ஒரே நகரம், ஒரே தேதி, இரண்டு புயல். இதைப் படித்ததும் நம்மில் சிலர் 61-ஐக் கூட்டிக் கூட்டி அடுத்தது எப்போது என்று கணக்குப் போடத் தொடங்குவார்கள். தயவுசெய்து வேண்டாம். நம் அறுபது ஆண்டுச் சுழற்சிக்குக்கூட இது பொருந்தவில்லை. 1811 பிரசோற்பத்தி ஆண்டு, 1872 ஆங்கீரச ஆண்டு. தேதி ஒத்துப் போனது தற்செயல். ஆனால் அந்தப் பருவத்தில் புயல் வந்தது தற்செயல் அல்ல. வங்கக் கடலுக்குப் புயல் காலம் இரண்டு. ஒன்று நாம் நன்றாக அறிந்த ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மற்றது தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முந்தைய சித்திரை, வைகாசி. வெயிலில் கடல் நீர் சூடேறி நிற்பதால் இந்தக் காலத்திலும் புயல் உருவாகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஆந்திரம், ஒரிசா, வங்கம், பர்மா என்று வடக்கே போய்விடுவதால் நாம் மறந்துவிடுகிறோம். எப்போதோ ஒன்று நம் பக்கம் வருகிறது.

அனுபவம் எத்தனை ஆண்டு?

"நாற்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், சித்திரையில் இப்படி ஒரு மழையை நான் பார்த்ததே இல்லை" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 61 ஆண்டு இடைவெளியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1811 புயலின்போது இருபது வயதில் கல்லாவில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு 1872-இல் 81 வயது. அவர் உயிரோடு இருந்திருந்தாலும் கடை பேரன் கையில் இருந்திருக்கும். அந்தப் பேரனும் 1872 மே 1 அன்று, "சித்திரையில் புயலா?" என்றுதான் சொல்லியிருப்பான். அவன் அனுபவம் பொய் அல்ல, அது குட்டையானது.

இதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு கடையின் ஞாபகம் முப்பது, நாற்பது ஆண்டு. இயற்கை சில காரியங்களை அறுபது ஆண்டுக்கு ஒரு முறை, நூறு ஆண்டுக்கு ஒரு முறை செய்கிறது. அந்த இடைவெளியை மனித ஞாபகத்தால் தாண்ட முடியாது. எழுதி வைத்த கணக்கால்தான் முடியும். வாய்க்கணக்கை நம்பிக் கடன் கொடுக்காத நாம், வானிலை விஷயத்தில் மட்டும் வாய்க்கணக்கை நம்புகிறோம்.

நம் நகரத்துக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. சென்னை வானாய்வுக் கூடம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்தது. கல்லூரிச் சாலையில் உள்ள வானிலை மையத்தின் வளாகத்தில், அந்தக் கூடத்தின் கருங்கல் தூண் தமிழ் எழுத்தும் தெலுங்கு எழுத்தும் பொறித்து இன்றும் நிற்கிறது. நகரின் மழைக் கணக்கு 1813 முதல் இருக்கிறது. இந்திய வானிலைத் துறையே 1875-இல்தான் தொடங்கியது. அகில இந்தியக் கணக்குக்கு முன்பே பற்று வரவு எழுதத் தொடங்கிய ஊர் நம்முடையது. அந்த ஊரின் வியாபாரிகள் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

சராசரி என்னும் மயக்கம்

புரட்டிப் பார்க்கும் ஒரு சிலரும் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். சென்னைக்கு ஆண்டு மழை 140 சென்டிமீட்டர் அளவு. மே மாதத்துக்குச் சராசரி சுமார் 5 சென்டிமீட்டர். இதைப் பார்ப்பவர், ஒவ்வொரு மே மாதமும் கொஞ்சம் தூறல் விழும் என்று நினைப்பார். உண்மை அப்படி இல்லை. பல ஆண்டுகளில் மே மாதம் வறண்டே போகும். ஏதோ ஓர் ஆண்டில் புயலோ தாழ்வு நிலையோ வந்து கொட்டித் தீர்க்கும். அந்தக் கொட்டல் மற்ற ஆண்டுகளின் தலையில் பங்கு போடப்பட்டுச் சராசரியாகிறது.

நம் மொழியில் சொன்னால் இப்படி. ஒன்பது நாள் விற்பனையே இல்லை. பத்தாம் நாள் ஒரு கல்யாண வீட்டார் வந்து ஐம்பதாயிரத்துக்குச் சாமான் எடுத்தார்கள். ஒரு நாள் சராசரி ஐயாயிரம். இந்தச் சராசரியை நம்பி யாராவது தினமும் ஐயாயிரம் ரூபாய்க்குச் சரக்கு இறக்குவார்களா? கல்யாண வீட்டார் வரும் நாளில் ஐயாயிரம் ரூபாய்ச் சரக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மழையும் அப்படித்தான். சராசரியைவிட, எது வரை குறைந்தது, எது வரை ஏறியது என்ற இரண்டு எல்லைகள்தான் வியாபாரிக்கு முக்கியம்.

வெயிலுக்கும் இதே கணக்கு. 1908 ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் 42.8 டிகிரி பதிவானது. 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி. 36 டிகிரி என்பது வழக்கம். 42 என்பதும் வந்து போன விருந்தாளிதான். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கடற்காற்று. காற்று நண்பகலுக்கு முன்பே உள்ளே வந்துவிட்டால் வெப்பம் அடங்கிவிடும். மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்று பிற்பகல் மூன்று மணி வரை நுழையாமல் நின்றால் நாற்பதைத் தாண்டும். அன்று நம் கடையில் வெல்லம் இளகிச் சாக்கில் ஒட்டும், தகரக் கூரைக்குக் கீழே வைத்த எண்ணெய் சீக்கிரம் காறும், பழைய பருப்பில் வண்டு பெருகும். இதுவும் நஷ்டம்தான். மழை போலச் சத்தம் போடாமல் வருவதால் நாம் கணக்கில் எழுதுவதில்லை.

வராத புயலும் ஒரு பாடம்

ஏட்டைப் படித்தால் பயம் அதிகமாகும் என்று நினைக்க வேண்டாம். தேவையில்லாத பயம் குறையவும் குறையும். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் ஃபானி புயல் வங்கக் கடலில் உருவானபோது நம் தெருக்களில் என்ன நடந்தது என்று பலருக்கு நினைவிருக்கும். சென்னைக்கு வருகிறது என்ற பேச்சு பரவியது. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பால் பவுடர் என்று சிலர் வாங்கிக் குவித்தார்கள். புயல் வடக்கே திரும்பி மே 3 அன்று ஒடிசாவில் பூரிக்கு அருகே கரையைக் கடந்தது. அந்த ஆண்டு மே 2 அன்று சென்னை பார்த்தது வெயிலைத்தான்.

வங்கக் கடலில் புயல் நம்மைத் தாண்டி வடக்கே போனால், அது நிலத்தின் மேலுள்ள வறண்ட மேற்குக் காற்றைத் தன் பக்கம் இழுக்கும். கடற்காற்று தடைபடும். மழை வரும் என்று காத்திருந்தவனுக்கு வெயில் கூடும். அதாவது ஒரே புயல், நம் பக்கம் வந்தால் வெள்ளம், விலகிப் போனால் அனல். சித்திரைப் புயல்களில் பெரும்பாலானவை வடக்கே போகின்றன என்ற ஏட்டுக் கணக்கு தெரிந்தவர், தார்ப்பாயை எடுத்து வைப்பார்; பதறி மெழுகுவர்த்தி வாங்கிக் குவிக்க மாட்டார். வதந்தியை நம்பிக் கொள்முதல் செய்து முதல் முடங்கிப் போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வதந்தியைப் பயன்படுத்தி விலையை ஏற்றி வாடிக்கையாளரின் சாபத்தை வாங்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பழைய கணக்கு.

நான் கட்டிய பாடக் கட்டணம்

2010-ஆம் ஆண்டு மே மூன்றாம் வாரம் லைலா புயல் வந்தது. அது மே 20 அன்று ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரை கடந்தாலும், போகிற வழியில் சென்னையில் நன்றாகவே மழை பெய்துவிட்டுப் போனது. அப்போது என் கடையில் மிளகாய் வத்தல் அதிகம். மாசி முதல் சித்திரை வரை வீடுகளில் வருஷத்துக்கு வேண்டிய மிளகாயும் புளியும் வாங்கிக் காயவைக்கும் காலம். அது முடியப் போகிறதே என்று கடைசியாக ஒரு லோடு இறக்கியிருந்தேன். கிட்டங்கியில் இடம் இல்லாமல் வாசலில் அடுக்கியிருந்தேன். அடியில் கட்டை இல்லை, மேலே தார்ப்பாய் இல்லை. தார்ப்பாய்கள் பரணில் இருந்தன. ஐப்பசி பிறந்தால்தான் இறக்குவது எங்கள் கடை வழக்கம்.

நனைந்த வத்தலின் கதி உங்களுக்கே தெரியும். காம்பில் பூசணம் பூத்து, நிறம் வெளுத்து, பாதி விலைக்குக்கூடக் கேட்பார் இல்லை. உணவுப் பொருளில் பூசணம் என்பது விலைக் குறைவோடு முடிகிற விஷயமும் அல்ல. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். பாலிசியில் கிட்டங்கியின் கதவு எண் எழுதியிருக்கிறது, நடைபாதையில் இருந்த சரக்கு அதில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வருஷா வருஷம் பிரீமியம் கட்டிய நான் அந்தத் தாளை ஒரு தடவை கூடப் படிக்கவில்லை.

அதன் பிறகுதான் என் தகப்பனாரின் பழைய சிட்டாக்களை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால், "காலை முதல் மழை, வரவு பாதி", "அனல், மதியம் ஆள் இல்லை, சர்பத் சாமான் ஓட்டம்" என்று எழுதியிருந்தார். அவர் எனக்குக் கடையைக் கொடுத்தார், சிட்டாவையும் கொடுத்தார். நான் கடையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"கைபேசியில்தான் வருகிறதே"

வானிலை அறிக்கை இப்போது கைபேசியிலேயே வருகிறது, பழைய ஏடு எதற்கு என்று இளைய வியாபாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1811-இலும் 1872-இலும் கப்பல்காரர்களுக்குக் கிடைக்காத வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. இன்று புயல் கரைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே எச்சரிக்கை வந்துவிடுகிறது. அதை அலட்சியம் செய்பவர் வியாபாரத்துக்கே லாயக்கில்லாதவர்.

ஆனால் எச்சரிக்கை மூட்டையைத் தூக்கி வைக்காது. ஏப்ரல் 30 அன்று எச்சரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் மே தினம், சுமை தூக்க ஆள் இல்லை. 2-ஆம் தேதி இருக்கிற ஆட்கள் வந்த லோடை இறக்குவார்களா, இறக்கிய லோடை மேடேற்றுவார்களா? கட்டை வாங்க நேரம் ஏது? கூரை ஓட்டையை அடைக்கக் கொத்தனார் கிடைப்பாரா? நாளை என்ன வரும் என்று அறிக்கை சொல்கிறது. எதற்கு எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று ஏடு சொல்கிறது. வண்டி ஓட்டுகிறவனுக்கு முன் விளக்கும் வேண்டும், பிரேக்கும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, தார்ப்பாயும் அடிக்கட்டையும் ஐப்பசிச் சாமான் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். பங்குனி முடிவதற்குள் கூரையும் வடிகாலும் ஒரு முறை பார்த்தாக வேண்டும். சித்திரை முதல் தேதி புதுக் கணக்கு எழுதுபவர்கள், அன்றே தார்ப்பாயைப் பரணிலிருந்து இறக்குவதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, மே 1-க்கும் 5-க்கும் நடுவே சரக்கு குவிவதைக் குறைக்க வேண்டும். ஏப்ரல் 25-க்குள் பாதி லோடை இறக்கிக்கொள்ளும்படி மொத்த வியாபாரிகளும் சில்லறைக் கடைக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டால், நடைபாதையில் அடுக்க வேண்டிய அவசியமே வராது. இதில் யாருக்கும் செலவு இல்லை.

மூன்றாவது, இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் படியுங்கள். புயல், வெள்ளம் சேர்ந்திருக்கிறதா, எந்தக் கதவு எண், எவ்வளவு சரக்கு மதிப்பு என்று பாருங்கள். சிறு வணிகத்துக்கென்று 2021 ஏப்ரல் முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி வந்திருக்கிறது. ஐந்து கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழிலுக்கு அது பொருந்தும். இருப்புப் புத்தகத்தின் நகல் ஒன்றை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சரக்கோடு கணக்குப் புத்தகமும் மூழ்கிப்போன கடைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

நான்காவது, ஒவ்வொரு கடையிலும் சிட்டாவின் ஓரத்தில் தினம் ஒரு வரி எழுதுங்கள். அன்றைய உச்ச வெப்பம், மழை எத்தனை மில்லிமீட்டர், கடற்காற்று எத்தனை மணிக்கு வந்தது, எந்தச் சாமான் ஓடியது, எது தங்கியது. மழை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகர டப்பாவை மொட்டை மாடியில் திறந்தவெளியில் வைத்து, காலையில் ஸ்கேலால் நீரின் ஆழத்தை அளந்தால் போதும். நுங்கம்பாக்கத்தில் பெய்தது உங்கள் தெருவில் பெய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் வெயிலும் பெரும்பாலும் கூடுதல். ஆகவே அரசாங்கக் கணக்கோடு உங்கள் கணக்கும் வேண்டும்.

ஐந்தாவது சங்கத்துக்கு. நம் சங்கம் ஆண்டுதோறும் போடும் நாட்காட்டியில் ராகுகாலம், எமகண்டம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே அந்தந்த மாதத்தின் சராசரி மழை, இதுவரை பதிவான உச்ச வெப்பம், அந்த மாதத்தில் வந்த பழைய புயல்களின் ஆண்டு ஆகியவற்றை அச்சிடலாம். வானிலை மையத்தில் கேட்டு வாங்கினால் ஒரு தடவை செய்கிற வேலை. மே மாதத் தாளில் 1811, 1872, 2010 என்று மூன்று எண்கள் இருந்தால், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் தினமும் படும்.

அடுத்த சித்திரையில் புயல் வரும் என்று நான் சொல்லவில்லை. அநேகமாக வராது. நம் வாழ்நாளிலேயே வராமல் போகலாம். அப்படியானால் தார்ப்பாய் விரித்த சிரமம் மட்டுமே நஷ்டம். ஆனால் நமக்குப் பின் கடையில் உட்காரப் போகிற பிள்ளை, "எங்கள் அப்பா காலத்தில் இப்படி நடந்ததே இல்லை" என்று நனைந்த மூட்டைகளுக்கு நடுவே நின்று சொல்லக் கூடாது. கடைச் சாவியோடு சிட்டாவையும் அவன் கையில் கொடுப்போம். அதில் மே 2-க்கு எதிரே ஒரு வரியாவது எழுதியிருக்கட்டும்.